ஈடு வைத்த வீடும் இசைத்தட்டுக் கொம்பனியும்

மிசிசிப்பி ஆற்றங்கரையிலே அமைந்த மெம்பிஸ், பருத்தி வணிகத்தினாற் பெருத்த நகரம். பருத்தியைப் பறித்தவர் கறுப்பின மக்கள். அதனை விலைபேசி விற்றுச் செல்வரானவர் வெள்ளையர். அடிமை முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு நிறையப்போகும் வேளையிலும் அந்நகரத்திலே பாடசாலை வேறு, உணவுச்சாலை வேறு, நூல்நிலையம் வேறு என்ற ஏற்பாடே நிலவியது. பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மெம்பிஸ் நகரத்துக்கு வந்து சேர ஏழாண்டுகள் சென்றன. 1961 ஒக்ரோபரிலேதான் 13 கறுப்பினச் சிறுவர் முதன்முதலாக வெள்ளையர் பாடசாலைகளின் வாயிலை மிதித்தனர்.

இத்தகைய நகரத்திலே, வங்கி ஊழியர் ஒருவரும் அவருடைய தமக்கையாரும், தமது அயலிலே வாழ்ந்த கறுப்பின இளைஞரோடு சேர்ந்து, உலகமெங்கும் ஒலித்த ஓர் இசையை உருவாக்கினர் என்பது எளிதில் நம்பக்கூடிய செய்தியன்று. இலக்கிய ஏட்டிலே இசைத்தட்டு வியாபாரத்துக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கலையைப் படைப்பவர் யார், அதனை உடைமையாகக் கொள்பவர் யார் என்ற வினா இலக்கியத்துக்கும் உரியதே. அவ்வினா ஸ்டாக்ஸ் கொம்பனியின் வரலாற்றிலே வெளிப்படுவதுபோல் வேறெங்கும் அத்துணை வெளிப்படையாக வெளிப்படுவதில்லை.

ஜிம் ஸ்டூவர்ட் ரென்னசி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலே 1930இல் பிறந்தவர். பகலிலே வங்கி வேலை. மாலையிலே நாட்டுப்புற வெள்ளையரின் இசைக்குழுக்களில் வயலின் வாசிப்பு. கறுப்பினத்தவரின் இசையை அவர் அறிந்தவருமல்லர், தேடிச் சென்றவருமல்லர். 1957இல் 'சற்றலைற்' என்ற பெயரோடு ஒரு சிறு இசைத்தட்டுக் கொம்பனியை அவர் தொடங்கியபோது, வெளியிட எண்ணியதும் தாம் வாசித்துப் பழகிய இசையைத்தான். பதிவு செய்யத் தக்க கருவி அவரிடம் இருக்கவில்லை. தமக்கையார் எஸ்ரெல் அக்ஸ்டனை அணுகினார். அவர் முன்னாள் ஆசிரியை. இரு பிள்ளைகளின் தாய். நாற்பது வயதை அணுகிக்கொண்டிருந்தவர். யூனியன் பிளான்ரர்ஸ் என்ற வங்கியிலே வேலைபார்த்தவர். கணவரை இணங்கச் செய்து, குடியிருந்த வீட்டை ஈடு வைத்து, 2,500 டொலர் பெற்று, 1958இல் ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். அந்த வங்கியின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

1960ஆம் ஆண்டில் இருவரும் மக்லமோர் வீதியிலே மூடிக்கிடந்த 'கப்பிற்றல்' என்னும் படமாளிகையை வாடகைக்கு எடுத்தனர். அங்கே குடியிருந்த வெள்ளையர் ஒவ்வொருவராக வேறிடம் பெயர, கறுப்பினக் குடும்பங்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஆசனங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, படம் பார்த்த மண்டபத்தை ஒலிப்பதிவுக் கூடமாக்கினர். சரிந்த தரையைச் சமப்படுத்த அவர்களிடம் பணமில்லை. அச்சரிவும் உயர்ந்த கூரையுமே பிற்காலத்தில் அக்கூடத்துக்குரிய தனி நாதத்துக்குக் காரணமாயின. முன்பு தின்பண்டம் விற்ற இடத்திலே எஸ்ரெல் இசைத்தட்டுக் கடை திறந்தார்.

இக்கடை சாதாரணக் கடையன்று. அயலிலுள்ள சிறுவர் பாடசாலை விட்டதும் அங்கே வந்து நின்றனர். எந்தத் தட்டை அவர்கள் விரும்புகின்றனர், ஏன் விரும்புகின்றனர் என்று எஸ்ரெல் அம்மையார் கேட்டறிந்தார். உள்ளே பதிவான புதிய பாட்டைக் கடையிலே ஒலிக்கவிட்டு, கேட்பவரின் கால் தாளம் போடுகிறதா என்று கவனித்தார். கடைக்கு வந்தவர்களே படிப்படியாகக் கூடத்துக்குள்ளும் நுழைந்தனர். எதிரேயிருந்த பலசரக்குக் கடையிலே வேலைபார்த்த டேவிட் போர்ட்டர் என்ற இளைஞர் பாட்டியற்ற வந்தார். இறைச்சி பொதிசெய்யும் ஆலையிலே உழைத்த ஐசாக் ஹேய்ஸ் பின்னர் அவரோடு சேர்ந்தார். பியானோவும் ஓர்கனும் வாசித்த புக்கர் ரி. ஜோன்ஸ் அப்பொழுது பாடசாலை மாணவன். கிற்றார் வாசித்த ஸ்டீவ் குறொப்பர் என்ற வெள்ளை இளைஞர் கடையிலே தட்டு விற்றுக்கொண்டிருந்தவர். அயலிலே சப்பாத்துத் துடைத்துப் பிழைத்த கார்ல் கன்னிங்ஹாம் என்ற சிறுவன்கூட ஒருநாள் மேளம் வாசிக்கும் கலைஞனாகி அக்கூடத்துக்குள் நின்றான். தெருவே கொம்பனிக்குள் வந்து புகுந்தது என்று கூறின் மிகையாகாது.

வெற்றியும் அத்தெருவிலிருந்தே வந்தது. ரூஃபஸ் தோமஸ் என்பவர் துணி ஆலையொன்றிலே தொழிலாளி, வானொலி அறிவிப்பாளருமாவார். 1960இல் தம் மகள் கார்லாவை அழைத்துக்கொண்டு வந்து, இருவருமாக ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தனர். அத்தட்டு மெம்பிஸ் வட்டாரத்திலே நன்கு விற்பனையாயிற்று. நாட்டுப்புற வெள்ளையர் இசையை ஸ்டூவர்ட் அத்தோடு கைவிட்டார். அவரது மனமாற்றத்திலே கலையார்வமும் உண்டு, இலாப நோக்கமும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கூறி அவரைத் தியாகியாக்குவதோ, சுரண்டல்காரராக்குவதோ நேர்மையாகாது. 1961இல் வாத்தியக் குழுவொன்றின் தட்டை வெளியிட ஸ்டூவர்ட் தயங்கியபோது, விடாப்பிடியாக நின்று அதனை வெளியிடச் செய்தவர் எஸ்ரெலே. அத்தட்டு நாடெங்கும் பரவி விற்பனை வரிசையில் மூன்றாமிடத்தைப் பெற்றது. அதே ஆண்டிலே, 'சற்றலைற்' என்ற பெயரை வேறொரு கொம்பனி முன்னரே கொண்டிருந்தமையால், ஸ்டூவர்ட், அக்ஸ்டன் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஸ்டாக்ஸ்' என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது.

புக்கர் ரி. ஜோன்ஸின் குழு அக்கூடத்தின் முதுகெலும்பு எனலாம். 1960களின் நடுப்பகுதியிலிருந்து அதில் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். பாடகர் எவர் வரினும் அவருக்குப் பின்னே நின்று வாசித்தவர் அவர்களே. எழுதிய இசைக்குறிப்பு இல்லை. ஒருவர் ஒரு சந்தத்தைத் தொடங்க, மற்றவர் அதற்கு இடம் விட்டு, தேவையற்றதைத் தவிர்த்து, கூடியிருந்து பாட்டைக் கட்டினர். 1962இல் வேறொருவருடைய பதிவுக்காக வந்து காத்திருந்த நேரத்திலே விளையாட்டாக வாசித்ததே அவர்களுக்குப் புகழ் தந்த முதற்றட்டு. அவ்வாண்டிலே ஜோர்ஜியாவிலிருந்து வந்த ஒரு கிற்றார் கலைஞருக்குக் கார் ஓட்டிவந்த இளைஞர், எஞ்சியிருந்த நேரத்திலே தம்மையும் ஒரு பாட்டுப் பாடவிடும்படி வேண்டினார். அவர்தாம் ஓற்றிஸ் றெடிங்.

கூடத்துக்குள்ளே ஒன்றாக வாசித்தவர்கள் வெளியே ஒன்றாக உணவருந்த நகரத்து உணவுச்சாலைகள் இடங்கொடுக்கவில்லை. ஆதலின் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான லொறெயின் விடுதிக்கே அவர்கள் சென்றனர். அங்கே தங்கி, உண்டு, பாட்டுக்களும் இயற்றினர்.

ஆயினும் நாம் இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும். உழைப்பிலே நிலவிய சமத்துவம் உடைமையிலே நிலவவில்லை. தொடக்க ஆண்டுகளில் வாசித்தவர் கூலி பெற்றனர். கொம்பனி தம்பி தமக்கை இருவரது கையிலேயே இருந்தது. ஸ்டூவர்ட்டும் தமக்கு மேலே நின்ற பெருமூலதனத்தின் முன் சிறியவரே. நியூயோர்க் நகரத்து அட்லாண்டிக் கொம்பனி, ரூஃபஸ் தோமஸின் தட்டைக் கண்டு, ஸ்டாக்ஸ் தட்டுக்களை நாடெங்கும் விநியோகிக்க முன்வந்தது. அதன் பங்காளர் ஜெறி வெக்ஸ்லருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் இடையே இருந்தது வாய்ச்சொல் ஒப்பந்தமே. 1965இல் அதனை எழுத்தில் இட்டனர். வெக்ஸ்லர் அட்லாண்டிக்கை விட்டு நீங்கினாலோ, தம் பங்கை விற்றாலோ தாமும் விலகிக்கொள்ளலாம் என்ற விதியை ஸ்டூவர்ட் கேட்டுச் சேர்ப்பித்தார். அவர் நம்பியது அந்த மனிதரையேயன்றி அக்கொம்பனியையன்று. ஆனால் அதே பத்திரத்தின் வேறொரு பக்கத்தில், விநியோகிக்கப்பட்ட தட்டுக்களின் மூலப்பதிவுகள் யாவும் அட்லாண்டிக்கின் உடைமை என்று சட்டத்தரணிகள் எழுதியிருந்தனர். பத்திரத்தை முழுதும் வாசியாமலே ஸ்டூவர்ட் கையொப்பமிட்டார். வங்கியிலே பத்திரங்களோடு பழகிய ஒருவர் இதனைச் செய்தார் என்பது வியப்பன்றோ! அவ்விதியைத் தாமே அறியவில்லை என்று வெக்ஸ்லர் பிற்காலத்திலே கூறினார். அறிந்தோ அறியாமலோ, உடைமை கைமாறிவிட்டது.

1967இல் அட்லாண்டிக் கொம்பனி வோர்ணர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விலகிக்கொள்ள ஸ்டூவர்ட் முற்பட்டபோதே மூலப்பதிவுகள் தமக்குரியனவல்ல என்ற உண்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஓற்றிஸ் றெடிங் பயணஞ்செய்த விமானம் விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியொன்றில் வீழ்ந்தது. அவரோடு பார்-கேய்ஸ் என்ற இளைஞர் குழுவின் நால்வரும் மாண்டனர். சப்பாத்துத் துடைத்த கார்ல் கன்னிங்ஹாம் அவர்களுள் ஒருவர். றெடிங் இறப்பதற்குச் சில நாட்களின் முன் பதிவுசெய்த பாட்டு, 1968 மார்ச் மாதத்திலே நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பாடியவரும் இல்லை, பாட்டும் கொம்பனிக்கு இல்லை.

அவ்வேளையில் மெம்பிஸ் நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1968 பெப்ரவரி முதலாந் திகதி, மழைக்குக் குப்பை லொறியினுள் ஒதுங்கிய தொழிலாளர் இருவர் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். ஏறக்குறைய 1,300 நகரசுத்தித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் வீதியிலே சென்றனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீழ்ந்த இடம் லொறெயின் விடுதியின் மாடி முகப்பு. கறுப்பரும் வெள்ளையரும் அமர்ந்து பாட்டியற்றிய அதே விடுதி! அதன் பின்னர் ஓராண்டளவு தம்மாற் பாட்டியற்ற முடியவில்லை என்று ஐசாக் ஹேய்ஸ் கூறியுள்ளார். கூடத்துக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேணிய நட்பு வெளியுலகத்தின் சுமையை அதுகாறும் தாங்கிற்று. இனித் தாங்குதல் எளிதாயிருக்கவில்லை.

கொம்பனியை மீட்டெடுத்தவர் அல் பெல். ஆர்கன்சாஸ் மாநிலத்திற் பிறந்த கறுப்பினத்தவர். வானொலி அறிவிப்பாளராயிருந்து 1965இல் விற்பனைப் பகுதிக்கு வந்தவர். கிங்கின் இயக்கத்தோடு தொடர்புடையவர். அடக்கமான ஸ்டூவர்ட்டுக்கும் பெருங்கனவு கண்ட பெல்லுக்கும் இயல்பிலே பொருத்தமில்லை. ஆயினும் ஸ்டூவர்ட் அவருக்குத் தம் அறையிலே இடங்கொடுத்தார். பின்னர் உடைமையிலும் பங்கு கொடுத்தார். எம்முடைய கருத்தில் ஸ்டூவர்ட்டின் வாழ்வில் மிக உயர்ந்த செயல் இதுவே. பழைய பதிவுகள் யாவும் பறிபோன நிலையில், 1969இன் நடுப்பகுதியில் ஒருசேர 27 நெடுந்தட்டுக்களை வெளியிட்டுப் புதிய களஞ்சியமொன்றைப் பெல் உண்டாக்கினார். ஆனால் பெல்லோடு எஸ்ரெல் அம்மையார் ஒத்துப்போகவில்லை. தம்பி பெல்லின் பக்கம் நின்றார். தம் வீட்டை ஈடு வைத்துக் கொம்பனியை உண்டாக்கிய அம்மையார் தம் பங்கை விற்று வெளியேறினார்.

1972 ஓகஸ்ட் 20ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விளையாட்டரங்கிலே ஸ்டாக்ஸ் கலைஞர் நடத்திய விழாவுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். 1965இல் வற்ஸ் பகுதியில் எழுந்த கிளர்ச்சியின் நினைவாக நிகழ்ந்த அவ்விழாவுக்கு நுழைவுச்சீட்டு ஒரு டொலர்; ஏழைத் தொழிலாளியும் குடும்பத்தோடு வரலாம். அதே ஆண்டில் ஸ்டூவர்ட்டின் பங்கையும் பெல் வாங்கினார். அதற்கான பணம் சீ. பி. எஸ். என்னும் பெருநிறுவனத்திடமிருந்து வந்தது. விநியோகமும் அதன் கைக்குச் சென்றது. ஏற்பாட்டைச் செய்த அதிகாரி 1973இல் நீக்கப்பட்டதும், அந்நிறுவனத்தின் அக்கறை தேய்ந்தது. தட்டுக்கள் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. கொம்பனி மேலும் மேலும் கடன்பட்டது. கடன் கொடுத்தது யூனியன் பிளான்ரர்ஸ் வங்கி.

விலகிச் சென்றிருக்கக்கூடிய ஸ்டூவர்ட் தம் சொந்தச் செல்வத்தைக் கொம்பனிக்காகப் பிணைவைத்தார். அனைத்தும் போயிற்று, வீடும் போயிற்று. 1975 டிசம்பரில் கொம்பனி வங்குரோத்து நிலைக்குத் தள்ளப்பட்டது. வங்கியை ஏமாற்றிக் கடன் பெற்றார் என்று பெல் மீது தொடுக்கப்பட்ட வழக்கிலே 1976இல் அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஆயின் கொம்பனி திரும்பவில்லை. படமாளிகைக் கட்டடம் பெயரளவு விலைக்குத் தேவாலயமொன்றின் கைக்கு மாறி, 1989இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

அவ்வெற்று நிலத்திலே பழைய முகப்போடு ஒரு நூதனசாலை 2003இல் எழுந்தது. அருகிலே அயற் பிள்ளைகள் இசை பயிலும் பள்ளியும் உண்டு. எஸ்ரெல் அம்மையார் அதனைக் கண்டபின் 2004இல் காலமானார். பொது மேடைகளை விரும்பாது ஒதுங்கி வாழ்ந்த ஸ்டூவர்ட் 2022 டிசம்பரில் மறைந்தார். 1968க்குப் பிற்பட்ட பதிவுகள் ஏலத்திலும் விற்பனையிலும் பல கை மாறின. அதற்கு முற்பட்டவை, ஓற்றிஸ் றெடிங் அந்தச் சரிந்த தரையிலே நின்று பாடியவை உட்பட, வோர்ணர் நிறுவனத்திடமே இருக்கின்றன.