குடுக்கையில் இருந்த விதை: ஓசூர் எல்லையில் நாட்டுக் காய்களின் கதை

ஓசூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டிவிஎஸ்... அப்புறம் டைட்டன்... சிப்காட் வளர வளர, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்கள் மனைகளாயின. தெரிந்த கதை. அதே காலத்தில் அதே எல்லையில் இன்னொரு கதையும் நடந்தது. விதையின் கதை. அதிலும் முதலீடு, சந்தை, உரிமை, சட்டம் எல்லாம் உண்டு!

இந்தப் பக்கத்து அவரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரே தெருவில் மூன்று பெயர் அதற்கு. தமிழில் அவரை, கன்னடத்தில் அவரெ, தெலுங்கில் சிக்குடு. தென்னிந்தியாவில் 3000 ஆண்டுகளுக்கு முந்தைய அகழாய்வு இடங்களிலேயே இதன் கருகிய விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆடியில் கேழ்வரகோடு சால் விட்டு விதைப்பார்கள். வீட்டுப் பின்புறம் வேலியிலும் ஏற்றிவிடுவார்கள். பகல் பொழுது குறைந்தால்தான் பழைய நாட்டு அவரை பூக்கும். சித்திரையிலேயே விதைத்து அவசரப்பட்டாலும் கொடி தழைக்குமே தவிர காய் வராது. அதனால் மார்கழி, தை வந்தால்தான் பிதுக்குப் பருப்புக் குழம்பு. அந்தப் பனிக்காலத்துக் காயின் தோலில் ஒருவித எண்ணெய்ப் பசையும் மணமும் இருக்கும். கன்னடக்காரர்கள் அதைச் 'சொகடு' என்பார்கள். காயைத் தொட்ட கை மணந்தால்தான் நல்ல காய்.

வருடம் முழுக்கக் காய் வேண்டுமென்று சந்தை கேட்டது. பெங்களூர் ஹெப்பாளில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம், பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் 'ஹெப்பாள் அவரெ' ரகங்களைக் கொண்டுவந்தது. விவசாயிக்கு வருமானம் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய சொகடு இல்லையே என்ற குறையும் கூடவே வந்தது.

காய்கறி விதை பெரிய வியாபாரமானதும் பெங்களூரில்தான். 1965-ல் மன்மோகன் அத்தாவர் தொடங்கிய இண்டோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ், 1973-ல் 'கர்நாடகா' தக்காளியையும் 'பாரத்' குடைமிளகாயையும் வெளியிட்டது. இந்தியாவில் வணிக ரீதியாக வந்த முதல் கலப்பினக் காய்கறி விதைகளில் இவை அடங்கும். (நாட்டுத் தக்காளி என்று நாம் பெருமையாகச் சொல்வதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்பது வேறு விஷயம்!)

கலப்பின விதையின் வணிக ரகசியம் மிக எளிது. இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை ஒரே சீராக, அமோகமாக விளையும். அதன் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆக, வாடிக்கையாளர் ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்கு வந்தே ஆக வேண்டும். இதைவிட நல்ல வியாபாரம் உண்டா? அதுவரை விதை என்பது செலவுக் கணக்கிலேயே வராத பொருள். சுரைக்குடுக்கையில் போட்டு, சாம்பல் கலந்து, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் வறட்டி போல் தட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

டங்கல் வரைவு வந்தபோது இந்தக் கைப்பிடிக்கே ஆபத்து என்று விவசாயிகள் பயந்தார்கள். 1992 டிசம்பர் 29 அன்று, பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தினர் பெங்களூரில் கார்கில் விதை நிறுவன அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கப்பன் பூங்காவில் பெரும் கூட்டம் திரண்டது. அலுவலகத்தில் புகுந்தது சரியா தப்பா என்று வாதிடலாம், ஆனால் பயம் உண்மையானது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின், பயிர் ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டே ஆக வேண்டிய நிலை இந்தியாவுக்கு. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பிடி பிழைத்தது.

சட்டம் வருவதற்கு முன்பே, ஓசூரை அடுத்த தளி பக்கம் வேறு வழியில் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது அது தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 1990-களின் தொடக்கத்தில் வனஜா ராம்பிரசாத்தின் கிரீன் ஃபவுண்டேஷன், தளி வட்டாரத்தில் ஒரு சில பெண்களோடு நாட்டு விதைகளைத் தேடத் தொடங்கியது. பிறகு எல்லை தாண்டிக் கனகபுரா பக்கமும் விதை வங்கிகள் உருவாயின. வங்கி என்றால் கவுண்டரும் பாஸ்புக்கும் இல்லை. கிராமத்துப் பெண்களே நடத்துவது. விதையைக் கடனாக வாங்குபவர், அறுவடைக்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். வட்டியும் விதைதான்!

விதையை வைத்திருந்தவர்கள் பெண்கள் என்பதில் ஆச்சரியமில்லை. வயலில் கேழ்வரகு ஆணின் கணக்கு என்றால், வீட்டுப் பின்புறத்துக் கத்தரியும் சுரையும் பீர்க்கும் பெண்களின் கணக்கு.

சிப்காட்டைச் சுற்றியுள்ள மனைகளில் இன்று வயல் இல்லை, ஆனால் பின்புறமும் மொட்டை மாடியும் இருக்கின்றன. அங்கே அவரை சுலபம். பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுவதால் ரகம் அவ்வளவாகக் கெடாது. கத்தரியில் நல்ல செடியின் காய் ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாகும் வரை விட வேண்டும். சுரைதான் தொல்லை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால் பூச்சி அந்த மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும். முந்தின நாளே பெண் மொட்டை நூலால் கட்டி வைத்து, பூக்கும் நேரத்தில் அதே ரகத்தின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். அந்தக் காயில் ஓர் அடையாளக் கயிறு. குழம்புக்கு அவசரப்பட்டு யாரும் பறித்துவிடாமல் இருக்க, வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைக்க வேண்டும்.