ஒரு சிக்னல், பல பிரதிகள்

ஊவாத் தோட்டங்களில் முன்பெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கத் தப்படிப்பார்கள். சாவுச் செய்திக்கு அடி வேறு. சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு அதற்கேற்ப நடக்கணும். கம்ப்யூட்டரிலும் இப்படி ஒன்று உண்டு. ஓடுகிற புரோகிராமை நிறுத்த ‘கண்ட்ரோல்’, ‘சி’ இரண்டையும் சேர்த்து அழுத்துகிறோமே, அப்போது இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல் அந்தப் புரோகிராமுக்கு ஒரு ‘சிக்னல்’ அனுப்புகிறது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இன்டெலின் 386 சிப்புக்கு மட்டுமே எழுதப்பட்டது. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் சிப்புகளும் சேர்ந்தன. ஒவ்வொரு சிப்புக்கும் தனி சிக்னல் நிரல். பெரும்பாலும் ஏற்கெனவே இருந்ததைக் காப்பியடித்து அங்கங்கே மாற்றியதுதான். அவசரத்துக்கு அது நல்ல வழி.

ஆனால் ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பாடபேதம் வரும். இங்கேயும் வந்தது.

ஒரு புரோகிராமுக்குள் ‘திரெட்’ எனும் பல வேலையாட்கள் இருக்கலாம். பொதுவாக வந்த சிக்னலுக்குக் கெர்னல் ஒருவரைத் தட்டி எழுப்புகிறது. அவர் அதை எடுப்பதற்குள் “இப்ப வேண்டாம்” என்று அந்தச் சிக்னலைத் தடுத்துவிட்டால், இன்னொருவரை எழுப்பணும். இல்லையென்றால் மற்றவர்கள் சும்மா இருந்தும் சிக்னல் அப்படியே கிடக்கும். 2011இல் ஒலெக் நெஸ்தெரோவ் இந்தக் கடமையை ஒரு பொதுச் செயற்கூறில் எழுதிவைத்தார். ஆனாலும் பல சிப்புகளின் பிரதிகள் அதைக் கூப்பிடாமல், தடைப்பட்டியலைத் தாங்களே நேரடியாக மாற்றிக்கொண்டிருந்தன. திருத்தம் பொது இடத்துக்கு வந்துவிட்டது. பிரதிகளுக்குப் போய்ச் சேரவில்லை. பட்டணத்துக்கு வந்த சட்டம் தோட்டத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லையே.

2012இல் அல் வீரோ உள்ளிட்டோர் ஒவ்வொரு சிப்பின் நிரலையும் உட்கார்ந்து படித்து, ஒரே வேலையைச் செய்யும் துண்டுகளைப் பொது இடத்துக்கு நகர்த்தினார்கள். 2014இல் ரிச்சர்ட் வைன்பெர்கர் மீதியிருந்த சிப்புகளையும் பொது வழிக்குக் கொண்டுவந்தார். சுமார் 500 வரிகள் குறைந்தன. பயனருக்குப் புதிதாக ஒரு வசதியும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த திருத்தத்தை ஒரே இடத்தில் செய்தால் போதும் என்றானது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கவும் இல்லை. சிக்னல் வரும்போது சிப்பின் ரெஜிஸ்டர்களில் இருப்பதைப் பத்திரப்படுத்தணும். அது சிப்புக்குச் சிப்பு வேறுபடும். அந்தப் பகுதி இன்றும் அந்தந்தச் சிப்பின் கோப்பில்தான் இருக்கிறது. எது உண்மையான வேறுபாடு, எது காப்பியடித்ததால் வந்த வேறுபாடு என்று பிரித்தறிவதுதான் இதில் கஷ்டமான வேலை. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சா.வும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். கலைப்பீடத்து ஆட்களுக்குக் கெர்னல் அவ்வளவு தூரத்து ஊர் இல்லை.