பெருநாள் தட்டில் ஒரு வரலாறு

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கிழக்கிலங்கைக் கரையோரமாக நெருங்கிக் கிடக்கும் நமது ஊர்களில், பெருநாள் காலையில் வீடு தேடி வருவோரின் முன்னே ஒரு தட்டு வைக்கப்படும். அதில் வட்டிலப்பம் இருக்கும், தொதல் துண்டுகள் இருக்கும், மஸ்கட் இருக்கும், எண்ணெயில் பொரித்த பனியாரமும் இருக்கும். உண்டு, ஸலாம் சொல்லி விடைபெறுவதோடு அந்தத் தட்டை நாம் மறந்துவிடுகிறோம். அதனை ஒரு வரலாற்று ஆவணமாக எடுத்துப் படித்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. இலங்கை முஸ்லிம்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாக நம்மைத் துரத்துகிறது. இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி 1888 இல் வெளிவந்த தமது கட்டுரையில் பொன்னம்பலம் இராமநாதன், அவர்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு எழுதிய மறுப்பு, அரபு வம்சாவழியை நிலைநாட்ட முயன்றது. இந்த வாதத்தின் பின்னணியில் சட்டசபைப் பிரதிநிதித்துவம் என்ற அரசியல் இருந்தது. 1889 இல்தான் சோனகருக்கென முதலாவது உறுப்பினர் நியமிக்கப்பட்டார். இரு தரப்பாரும் கற்றவர்கள். ஆயினும் இருவரும் ஒரே மூலத்தையே தேடினர். நம் பெண்களின் தாச்சிக்குள் இருந்த சாட்சியத்தை எவரும் விசாரிக்கவில்லை.

முதலில் தொதலை எடுத்துக்கொள்வோம். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்டியெடுக்கும் பண்டம் இது. 'டோடோல்' என்ற பெயரிலேயே இது இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் வழங்குகிறது. கோவாக் கிறிஸ்தவர்கள் நத்தாருக்குச் செய்வதும் இதனையே. ஒல்லாந்தர் தமது பத்தாவியா ஆட்சிக்குப் பணியாத அரச குடும்பத்தினரை இலங்கைக்கு நாடு கடத்தினர். மத்தாராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் அவ்வாறு அனுப்பப்பட்டவன். அவர்களோடும் மலாய்ப் போர்வீரரோடும் சொற்களும் சமையலும் இங்கு வந்திறங்கின. நாம் நாள்தோறும் சொல்லும் 'சம்பல்' கூட மலாய்ச் சொல்தான்.

வட்டிலப்பத்தின் கதை இன்னும் சுவையானது. பெயர் தூய தமிழ்; வட்டில் என்றால் கிண்ணம். ஆனால் முட்டையையும் தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியோடு அடித்து ஆவியில் அவிக்கும் முறை, மலாய் மக்களின் 'சிறீகாயா'வோடு ஒட்டிய உறவுடையது. இலங்கைக்கு அதனைக் கொண்டுவந்தவர்கள் மலாயரே என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. அதேவேளை, கடலுக்கு அப்பால் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வட்டிலப்பம் இல்லாமல் பெருநாள் இல்லை. கீழக்கரைத் தொதலும் பெயர் பெற்றதே. ஆக, மலாய் உலகம், இலங்கை, சோழமண்டலக் கரை ஆகிய மூன்றையும் இணைத்த மரக்கலப் பாதையை இவ்விரு பண்டங்களும் நமக்குக் காட்டித் தருகின்றன.

அந்தப் பாதைக்கு இன்னொரு சான்று கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக அங்கு ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகிறது. கந்தூரி நார்சாவின் ருசியோடுதான் எங்கள் தலைமுறையினரில் பலர் நாகூர் என்ற ஊரின் பெயரையே அறிந்துகொண்டனர்.

அப்படியானால் அரபுலகம் எங்கே? தட்டில் அதுவும் இருக்கிறது. அல்வா என்பது இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல். மஸ்கட் என்பதோ ஓமானியத் துறைமுகத்தின் பெயர். 1507 முதல் 1650 வரை போர்த்துக்கேயர் வசமிருந்த அதே துறைமுகம். ஓமானியர் தம் அல்வாவைக் குங்குமப்பூவும் பன்னீரும் இட்டுக் கிண்டுவர். நம்மவர் கோதுமை மாவும் சீனியும் கொண்டு தமக்கு இயன்றவாறு கிண்டினர். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் தேங்காய்ப் பாலில் செய்யும் 'மஸ்கோத்' அல்வாவும் இப்பெயரின் சொந்தமே. பெயர் அரபுக் கரையினது, தேங்காய் நமது கரையினது.

இதுவரை சொன்னவை கடல்வழி வந்தவை. தரைவழி வந்ததும் ஒன்றுண்டு. வட்டிலப்பத்துக்கு உயிர் கொடுப்பது கித்துள் கருப்பட்டி. கித்துள் நமது வறண்ட கரையில் செழிக்கும் மரமன்று. ஈரவலய மலைநாட்டுக்கும் அதன் அடிவாரக் கிராமங்களுக்கும் உரியது. போர்த்துக்கேயர் 1626 இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாறு. அதன்பின் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுத் தவளங்கள் மலைநாட்டுக்கும் கரைக்கும் இடையே நடந்தன. சிங்களக் கிராமத்துக் கருப்பட்டி முஸ்லிம் வீட்டு வட்டிலில் கரைந்தது இத்தகைய உறவின் பயனாகும். பனியாரத்துக்கு மாவிடிக்கும் அரிசியோ நமது வட்டைகளில் விளைவது. அந்தப் பனியாரம் அயலில் வாழும் தமிழர் வீடுகளிலும் உண்டு. பெருநாளுக்கும் சித்திரைக்கும் வேலிக்கு மேலாகத் தட்டுகள் கைமாறிய காலத்தை நான் கண்டிருக்கிறேன்.

ஏட்டில் எழுதப்படாத இந்தச் செய்முறைகள் எவ்வாறு இவ்வளவு காலம் நிலைத்தன? அதற்கான விடை நமது குடிமுறையில் உள்ளது என நினைக்கிறேன். இங்கு குடி தாய்வழியே செல்கிறது. வீடு சீதனமாக மகளுக்குச் சேர்கிறது. மருமகன்தான் இடம்பெயர்ந்து வருகிறான். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். உம்மம்மாவும் உம்மாவும் மகளும் ஒரே வளவில் வாழ்ந்ததால், தாச்சியும் அகப்பையும் கைப்பக்குவமும் வீட்டோடு சேர்ந்தே கைமாறின.

அந்தத் தொடர்ச்சிதான் 2004 டிசம்பர் 26 இல் அறுபட்டது. கடற்கோளால் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் தொகை 10,000 ஐத் தாண்டியது. கரையோர வளவுகள் அழிந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என அப்போது விதிக்கப்பட்ட தடை பின்னர் தளர்த்தப்பட்டாலும், பல குடும்பங்கள் உள்நிலத்துக்கும் மாடி வீடுகளுக்கும் சிதறின. மாடி வீட்டில் மூன்று கல் அடுப்பு மூட்டி, நாலு பேர் மாறி மாறித் தொதல் கிண்ட இடமேது? 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். 2023 இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலை வந்தது. வீட்டில் செய்வதைவிடக் கடையில் வாங்குவதே இலகு என்று பலர் எண்ணத் தொடங்கியதில் வியப்பில்லை.

கடைத் தொதல் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் முதற்பாலை எப்போது ஊற்றுவது, எண்ணெய் பிரிவதை எப்படி அறிவது என்று தெரிந்த மூதாட்டிகள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். நமது வேர் எதுவென்று இன்றும் மேடைகளில் தர்க்கிக்கிறோம். ஒற்றை வேர் தேடுவோருக்கு அந்தத் தட்டு எந்த உதவியும் செய்யாது. ஜாவாவும் கீழக்கரையும் மஸ்கட்டும் கண்டியும் அயல் தமிழ்க் கிராமமும் அதில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்தவர்களே நாம்.

வரும் பெருநாளுக்கு உங்கள் வீட்டு மூத்த பெண்மணியின் அருகில் ஒரு கொப்பியோடு அமருங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் வரலாறு எழுதும் பணிதான்.