ஏழு வாரக் கெடு

2021 மார்ச்சுக்குப் பிறகு உலகின் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது ஒரே கணக்குத்தான் ஓடியது: கொரோனா உறுதியான நாளிலிருந்து ஏழு வாரம் கழியட்டும், பிறகு பார்க்கலாம். ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கர்ப்பப்பை நீக்கம் என்று அவசரமில்லாதவை எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்தன. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கெடு பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரமாகக் குறைந்துவிட்டது. இதைப் பார்த்து, ஆரம்பத்தில் வீணாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆதாரமில்லாமல் தளர்த்திவிட்டார்கள் என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. கெடுவை விதித்தபோது அதற்கு நியாயம் இருந்தது, தளர்த்தியபோதும் இருந்தது. ஆனால் அதற்கு அடித்தளமான ஆய்வில் வாரக் கணக்கைவிடப் பயனுள்ள இன்னொரு முடிவும் இருந்தது. எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் அதைக் கைவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்தலாகப் படுகிறது.

நோய் தீர்ந்த பிறகும் காத்திருக்கச் சொல்வது மயக்க மருந்துத் துறைக்குப் புதிதல்ல. சளியோடு வரும் குழந்தைக்கு டான்சில் அறுவையைச் சில வாரம் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். சாதாரண ஜலதோஷம் போன பிறகும் மூச்சுக்குழாய் பல வாரங்களுக்குச் சட்டென்று இறுகக்கூடிய நிலையிலேயே இருக்கிறது என்பதை 1970களின் ஆய்வுகள் காட்டின. இதைவிடப் பெரிய முன்னுதாரணம் மாரடைப்பு. 1972இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மாரடைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் வேறு அறுவை செய்துகொண்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு மீண்டும் மாரடைப்பு வந்தது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் 16 சதவீதம். ஆறு மாதம் தாண்டினால் சுமார் 5 சதவீதம். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஆறு மாதம் பொறு’ என்ற விதி. 1983இல் சிகாகோவிலிருந்து வந்த இன்னொரு கணக்கில் முதல் மூன்று மாத ஆபத்து 5.8 சதவீதமாகவும், அடுத்த மூன்று மாத ஆபத்து 2.3 சதவீதமாகவும் இறங்கியிருந்தது. மாரடைப்பு அப்படியேதான் இருந்தது. அறுவையின்போதும் அதன் பிறகும் இதயத்தைக் கண்காணிக்கும் முறைதான் மாறியிருந்தது. ஆனாலும் ஆறு மாத விதி அதற்குப் பிறகு வெகுகாலம் மருத்துவர்களின் நாவில் இருந்தது. ‘குறைந்தது 60 நாள்’ என்று அமெரிக்க இதயவியல் சங்கங்கள் எழுதியது 2014இல்.

கொரோனாவில் முதல் எச்சரிக்கை வூஹானிலிருந்து வந்தது. 2020 ஜனவரியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும், நோய் உள்ளே இருப்பது தெரியாமலே அறுவைக்குப் போன 34 பேரைப் பற்றிய பதிவு அது. 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், 7 பேர் இறந்தார்கள். மே மாதம் லான்செட் இதழில் 24 நாடுகளின் 1,128 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கோவிட்சர்ஜ் கூட்டமைப்பு நடத்திய அந்த ஆய்வில், அறுவையையொட்டித் தொற்று உறுதியானவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. 30 நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

காரணம் மர்மமானதல்ல. மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே, மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முதுகுப் பக்கப் பகுதி காற்றை இழந்து சுருங்குகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இது நடப்பதை 1980களிலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் சி.டி. ஸ்கேனில் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆரோக்கியமான நுரையீரல் ஓரிரு நாளில் மீண்டும் விரிந்துவிடும். வயிற்றில் தையலோடு இருப்பவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமிச் சளியைத் துப்பவும் மாட்டார், அவருக்குத் தாமதமாகும். இதற்கிடையே அறுவையின் காயமே உடல் முழுக்க அழற்சியைக் கிளப்பி, ரத்தம் உறையும் போக்கையும் கூட்டுகிறது. கொரோனா செய்வதும் இதே இரண்டு வேலைகளைத்தான். ஒரே நுரையீரல் மேல் இரண்டு சுமைகள் அடுத்தடுத்து ஏறின.

பொறுக்க வேண்டும் என்பது தெளிவு. எவ்வளவு நாள் என்பதற்கு விடை தேடியது, 2021 மார்ச்சில் அனஸ்தீசியா இதழில் வந்த ஆய்வு. 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை செய்துகொண்ட 1,40,231 பேரில் 3,127 பேருக்கு முன்பே தொற்று வந்திருந்தது. தொற்றே வராதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை என்றால் 4.1, மூன்று நான்கு வாரத்தில் 3.9, ஐந்து ஆறு வாரத்தில் 3.6. ஏழு வாரம் ஆனதும் மீண்டும் 1.5. படித்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் வரிசை இது. ஆனால் அந்தப் படிகளை வெட்டியது ஆய்வாளர்களின் அட்டவணை. உடம்பு அப்படி 49ஆம் நாளில் சட்டென்று குணமாவதில்லை. ஐந்து ஆறு வாரக் கட்டத்தில் இருந்தவர்கள் 326 பேர்தான். ஏழு வாரத்துக்கு மேலான எல்லாரும், பத்து வாரமோ இருபது வாரமோ, ஒரே கட்டத்தில் கொட்டப்பட்டிருந்தார்கள். அதே ஆய்வின் மற்ற முடிவைப் பாருங்கள். ஏழு வாரம் கடந்தும் அறிகுறி தீராதவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள். அறிகுறி வந்து தீர்ந்தவர்களில் அது 2.4, அறிகுறியே வராதவர்களில் 1.3. அதாவது, காலண்டர் பச்சைக்கொடி காட்டிய பிறகும் இருமலோ மூச்சிறைப்போ மிச்சமிருந்தவர்களுக்கு, இரண்டு வாரத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் சராசரியைவிட அதிக ஆபத்து. இன்னும் தள்ளிப்போடுவது இவர்களுக்குப் பயன்படலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். என்றாலும் வழக்கில் நிலைத்தது ‘ஏழு’ மட்டுமே.

இந்தக் கணக்கையே நம்பக் கூடாது என்ற ஆட்சேபம் உண்டு. ஏழு வாரம் காத்திருந்து மேசைக்கு வந்தவர்கள் ஏழு வாரம் பிழைத்திருந்தவர்கள். இடையில் இறந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. சீக்கிரம் அறுவைக்குப் போனவர்களில் தள்ளிப்போட முடியாத கடும் நோயாளிகள் கூடுதலாக இருந்திருக்கலாம். இவை நியாயமான சந்தேகங்கள். வயது, அவசரம் போன்றவற்றைப் புள்ளியியலால் சரிக்கட்டியிருந்தாலும் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட முடியாது. ஆனால் திட்டமிட்ட அறுவைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் அதே போக்குத் தெரிந்தது என்பதால் திசையைச் சந்தேகிக்க இடமில்லை. சந்தேகிக்க வேண்டியது எல்லைக் கோட்டின் துல்லியத்தை.

காத்திருப்புக்கும் விலை உண்டே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் உலகில் 2.84 கோடி அறுவைகள் தள்ளிப்போகும் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். முழு ஊரடங்கு இருந்த இடங்களில் புற்றுநோயாளிகள் ஏழு பேரில் ஒருவருக்குத் திட்டமிட்ட அறுவை நடக்கவேயில்லை என்றது பின்னால் வந்த ஆய்வு. நம் நாட்டுக்கு இந்த இக்கட்டு 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை வடிவில் வந்தது. சர்க்கரை கட்டுப்படாதவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் என்று கொரோனாவிலிருந்து அப்போதுதான் எழுந்தவர்களின் சைனஸிலும் தாடையிலும் கண்குழியிலும் பூஞ்சை பரவியது. ஜூலைக்குள் 45,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தமிழ்நாடு அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆம்போடெரிசின் மருந்துக்கு அலைந்த நாட்கள் அவை. மருந்து கிடைத்தாலும் ரத்த ஓட்டம் செத்த திசுவுக்குள் அது போய்ச் சேராது. அழுகியதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும், அதுவும் நாள் கணக்கில். ஏழு வாரம் பொறுத்தால் பூஞ்சை மூளைக்கு ஏறிவிடும். ஆக, எந்த அறுவை ஆபத்தானது என்று விதி எச்சரித்ததோ அதையே மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இதை விதியின் தோல்வி என்று கொள்ள முடியாது. அவசர அறுவையை அது எப்போதுமே கட்டுப்படுத்தவில்லை. பொறுப்பதன் ஆபத்தையும் பொறுக்காததன் ஆபத்தையும் ஆளுக்கு ஆள் நிறுத்துப் பார்ப்பதே வேலை என்பதை அந்த மாதங்கள் போல எதுவும் காட்டியதில்லை.

நிறுத்துப் பார்க்க நேரமில்லாத இடத்தில் ஒரு எண் உதவும் என்பதை மறுக்க மாட்டேன். பெருங்கூட்டம் வரும் அரசு மருத்துவமனையில், இரவில் பட்டியல் போடும் பயிற்சி மருத்துவருக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்துப் பயனில்லை. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2020 டிசம்பரிலேயே இதற்கு ஒரு நடுவழி வகுத்திருந்தது: அறிகுறி இல்லாதவருக்கு நான்கு வாரம், இருமலோ மூச்சுத்திணறலோ வந்து வீட்டிலேயே தேறியவருக்கு ஆறு, சர்க்கரை நோயாளிக்கும் மருத்துவமனையில் படுத்தவருக்கும் எட்டு முதல் பத்து, ஐ.சி.யூ. போய் வந்தவருக்குப் பன்னிரண்டு. இதிலும் எண்தான் இருக்கிறது. ஆனால் எண்ணுக்கு முன்னால் ஆள் நிற்கிறார். ‘ஏழு’ என்ற ஒற்றை எண்ணைவிட இது மேலானது என்றே நினைக்கிறேன். அதன் பின்னால் இருந்த தரவு குறைவு, பெரும்பாலும் நிபுணர்களின் கணிப்பு என்பதை ஒப்புக்கொண்டும்தான் சொல்கிறேன்.

பிறகு தடுப்பூசி வந்தது, ஒமைக்ரான் வந்தது. மார்ச் ஆய்வின் நோயாளிகள் தடுப்பூசிக்கு முந்தியவர்கள், டெல்டாவுக்கும் முந்தியவர்கள். இப்போது மேசைக்கு வந்தவரின் உடம்பு வேறு, கிருமியும் வேறு. 2022இல் பிரிட்டிஷ் வல்லுநர் குழு ஏழு வாரத்துக்குள்ளும் ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது. 2023இல், ஆபத்துக் குறைவானவருக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு செய்யலாம் என்று அமெரிக்கச் சங்கமும் சொன்னது. மாரடைப்பு விதி தளர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின; இது இரண்டே ஆண்டில் தளர்ந்தது. அந்த வேகத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் ஓயாமல் தரவு சேர்த்ததன் பலன் அது. தளராமல் நின்றது அறிகுறி பற்றிய எச்சரிக்கை மட்டும். எந்த வாரமானாலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இருமல் நின்றுவிட்டதா என்று மயக்க மருந்து நிபுணர் கேட்டாக வேண்டும். ஆம், இன்னும் வாங்குகிறது என்று பதில் வந்தால், தொற்று வந்த தேதி எதுவானாலும் ஃபிட்னஸ் கொடுப்பதற்கு முன் நுரையீரலையும் இதயத்தையும் இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்.