முன்சௌசன் நோய்க்குறித் தொகுதி

இல்லாத நோயை இருப்பதாகக் காட்டியும், சில வேளைகளில் தாமே வரவழைத்துக்கொண்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் உளக்கோளாறு. பணம், விடுப்பு, தண்டனையிலிருந்து தப்புதல் என ஆதாயத்துக்காக நோயை நடிப்பதை இன்றைய மருத்துவம் இதில் சேர்ப்பதில்லை.

பாசாங்கு நோயாளிகளை இனங்காண்பது பற்றி 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் காலன் எழுதினார். இதே பொருளில் மருத்துவர் ஹெக்டர் கேவின் 1843இல் வெளியிட்ட நூல் பெரிதும் படைவீரர்களைப் பற்றியது.

இக்கோளாறுக்குப் பெயர் கிடைத்தது 1951 பிப்ரவரியில். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் (1912–1969) 'லான்செட்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில், நம்ப முடியாத வீரக்கதைகளுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு முன்சௌசனின் (1720–1797) பெயரை இதற்குச் சூட்டினார். கடும் வயிற்றுவலி, இரத்தக்கசிவு, வலிப்பு போன்ற நரம்புக் கோளாறு என மூன்று வகையினரை அவர் பிரித்துக் காட்டினார். வயிறு நிறையப் பழைய அறுவைத் தழும்புகள், முரட்டுத்தனமும் மழுப்பலும் கலந்த பேச்சு என்று அவர் தந்த அடையாளங்களில் மிகக் கூர்மையானது ஒன்று உண்டு: மருத்துவமனைச் சீட்டுகள், காப்பீட்டுப் படிவங்கள், வழக்குக் கடிதங்கள் திணித்த கைப்பை. உடலோடு பையையும் கவனித்த மருத்துவர் அவர். முன்பு உண்மையாகவே வந்துபோன நோயின் தடயம் பலரிடம் இருப்பதையும் அவர் மறைக்கவில்லை. கவன ஈர்ப்பு, மருத்துவர்கள் மீதான வன்மம், போதைமருந்து நாட்டம், போலீசுக்குப் பயம், ஓர் இரவுக்கு இலவசப் படுக்கை எனக் காரணங்களையும் ஊகித்தார். இவற்றில் சில இன்று ஆதாய நடிப்பின் கணக்கில் சேரும். நடிப்பில் எவ்வளவு தெரிந்து செய்வது, எவ்வளவு அடக்க முடியாத உந்துதல் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஏமாற்று என்றே பார்த்தால், வலியப் போய்க் கத்திக்கு வயிற்றைக் காட்டும் துயரம் கண்ணில் படாது.

நோயாளி என்ற நிலைக்குச் சமூகம் தரும் சலுகைகளையும் கடமைகளையும் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் விவரித்ததும் அதே 1951இல்தான். உடல்நிலைக்குப் பொருந்தாமல் நோயாளியாக நடந்துகொள்வதைக் குறிக்கும் 'இயல்பிறழ்ந்த நோய் நடத்தை' என்ற கருத்தை உளமருத்துவர் இசி பிலோவ்ஸ்கி 1969இல் முன்வைத்தார்.

பிள்ளைக்கு நோய் இருப்பதாகப் பெற்றோரே காட்டும் வகையைக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ 1977இல் விவரித்தார். பின்னாளில் நீதிமன்றங்களில் அவர் அளித்த சாட்சியங்கள் பெரும் சர்ச்சையாயின. அவர் விவரித்த இவ்வகையைக் குழந்தைகளைக் காத்த கண்டுபிடிப்பு என்போரும், பிழையான குற்றச்சாட்டுகளுக்கு வழி திறந்தது என்போரும் உளர்.

இணையத்தில் நோயாளியாக நடிப்போர் பற்றி உளமருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் 2000இல் எழுதினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, நோயைத் தன்மீது சுமத்துவது, பிறர்மீது சுமத்துவது என இக்கோளாறை இரண்டாகப் பிரிக்கிறது.