பொறியாளர் நாவலாசிரியர் ஆன வழி: நெவில் ஷூட்டின் எழுத்தில் தொழிலின் தடம்

நெவில் ஷூட் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவரின் முழுப்பெயர் நெவில் ஷூட் நார்வே. 1899இல் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் பிறந்து 1960இல் மெல்போர்னில் மறைந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பொறியியல் படித்து மூன்றாம் வகுப்பில் தேறினார். பிறகு டி ஹாவிலாண்ட், விக்கர்ஸ் ஆகிய நிறுவனங்களில் வேலை பார்த்து, 1931இல் சொந்தமாக ஒரு விமானக் கம்பெனியைத் தொடங்கினார். 1938இல் அதிலிருந்து வெளியேறினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிப் பிரிவில் செய்த பணியோடு அவருடைய தொழில்வாழ்க்கை முடிந்தது.

விமானத் தொழிலைக் கைவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர் என்றே அவரைப் பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். நாவல்களை எழுதப்பட்ட வரிசையில் படித்தால் அந்த அறிமுகம் பொருந்துவதில்லை. தொடக்க நாவல்களில் தொழில் வெறும் பின்னணியாக நிற்கிறது. அவர் தொழிலை விட்டு விலக விலக அது கதைக்குள் புகுகிறது. கடைசியில் தொழிலாளியின் மனசாட்சியே கதையாகிவிடுகிறது. பட்டறை அனுபவம் நாவலாக மாற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன என்பதும், அந்தத் தாமதமே அவரை நல்ல நாவலாசிரியராக்கியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் கட்டத்தில் எழுத்து மறைவான காரியமாக இருந்தது. டி ஹாவிலாண்டில் வேலை பார்த்தபோது எழுதிய இரண்டு நாவல்கள் அச்சேறாமல் பெட்டியில் கிடந்தன. அவர் இறந்த பிறகு 1961இல்தான் வெளிவந்தன. முதலில் அச்சான 'மராஸான்' 1926இல் வந்தது. அப்போது அவர் யார்க்‌ஷயரின் ஹௌடனில் ஆர் 100 வான்கப்பலின் தலைமைக் கணக்கீட்டாளர். பகலில் தகைவுக் கணக்கு (சட்டங்கள் பளுவைத் தாங்குமா என்ற கணக்கு), மாலையில் நாவல். குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதலிரண்டு பெயர்களை மட்டும் அட்டையில் போட்டதற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: கதை எழுதுகிற பொறியாளரை மேலதிகாரிகள் பொறுப்பானவராகக் கருதமாட்டார்கள் என்ற அச்சம். ஆனால் அந்த நாவலிலும் அடுத்து வந்த 'ஸோ டிஸ்டெய்ன்ட்' நாவலிலும் மறைக்க வேண்டிய தொழில் ரகசியம் எதுவும் இல்லை. விமானிகள், கடத்தல், உளவு என்று அக்காலச் சாகசக் கதையின் வழக்கமான சரக்குதான். ஹௌடனில் பகலெல்லாம் அவர் செய்த வேலையின் சாயலை அவற்றில் தேடினால் கிடைக்காது.

அந்த வேலை என்னவென்று 1954இல் எழுதிய தன்வரலாறான 'ஸ்லைடு ரூல்' விரிவாகச் சொல்கிறது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்த வான்கப்பலின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கும் தகைவு கணக்கிட இரண்டு பேர் இரண்டு மூன்று மாதம் உட்கார வேண்டும். பளு ஏறும்போது எந்தக் கம்பி விறைக்கும், எது தொய்யும் என்பதை முதலில் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தின்மீது ஏழு மாறிகள் வரை கொண்ட சமன்பாடுகளை எழுதி, ஸ்லைடு ரூல் என்ற நழுவு கணக்குக்கோலை வைத்துக்கொண்டு தீர்க்க வேண்டும். பல தாள்கள் நிரம்பிய பிறகு, விறைக்கும் என்று எண்ணிய ஒரு கம்பி தொய்வது தெரியவந்தால் அத்தனையும் குப்பை. முதல் தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசியில் விடை எல்லாத் திசையிலும் பொருந்தி நிற்கும்போது கிடைத்த நிறைவை ஏறக்குறைய ஒரு சமய அனுபவம் என்கிறார் ஷூட். இந்தப் பக்கங்களை எழுதியபோது அந்தக் கணக்கு மேசையை விட்டு அவர் விலகி இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முப்பது வயதுக்குள் இதை இப்படி எழுத அவரால் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். வேலைக்குள் இருப்பவனுக்கு அது அன்றாடம். அதைச் சொல்லவேண்டிய பொருளாகப் பார்க்க விலகல் வேண்டும்.

ஆர் 100 வான்கப்பல் 1930 ஜூலை இறுதியில் கனடாவுக்குப் பறந்து ஆகஸ்டில் திரும்பியது. ஷூட்டும் அதில் பயணம் செய்தார். அதற்குப் போட்டியாக பிரிட்டிஷ் அரசே கட்டிய ஆர் 101, அக்டோபர் 4 மாலை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியை நோக்கிக் கிளம்பியது. மறுநாள் அதிகாலை பிரான்சின் போவே நகருக்கு அருகே தரையில் மோதி எரிந்தது. பயணம் செய்த 54 பேரில் 48 பேர் மாண்டனர். விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் அவர்களில் ஒருவர். அரசு வான்கப்பல் திட்டத்தையே கைவிட்டது. பழுதில்லாத ஆர் 100 உடைத்து விற்கப்பட்டது. அமைச்சரின் அவசரமும், தவறை ஒப்புக்கொள்ளத் துணியாத அரசுப் பொறியாளர்களின் மௌனமுமே விபத்துக்குக் காரணம் என்று 'ஸ்லைடு ரூல்' குற்றம் சாட்டுகிறது. இது போட்டியாளர் ஒருவரின் சாட்சியம் என்பதை ஆய்வாளர் மறக்கக்கூடாது. கனடாப் பயணத்தில் ஆர் 100இன் வெளித்துணியும் கிழிந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே அதைத் தைத்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் நாவலாசிரியர் உருவான கதையில் இந்தச் சாட்சியம் சரியா தவறா என்பதைவிட, அது எழுப்பிய கேள்வியே முக்கியம். சரியான கணக்கு ஒருவனிடம் இருந்தும் கேட்க வேண்டியவர் கேட்காவிட்டால் அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வியை அவர் பதினெட்டு ஆண்டுகள் சுமந்தார்.

இடைக்காலத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1931இல் விமான வடிவமைப்பாளர் ஹெஸல் டில்ட்மனோடு சேர்ந்து, யார்க் நகரில் ஒரு காலிப் பேருந்துக் கொட்டகையின் பாதியில் ஏர்ஸ்பீட் கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய 'கூரியர்', சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் அமைப்போடு பயன்பாட்டுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் விமானம். பின்னர் 'ஆக்ஸ்ஃபோர்டு' பயிற்சி விமானம் எட்டாயிரத்துக்கும் மேல் தயாரானது. ஆனால் நிர்வாக இயக்குநரின் நாட்கள் பணம் திரட்டுவதிலும் பங்குதாரரைச் சமாதானப்படுத்துவதிலும் கழிந்தன. 1932க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் நாவலே வெளிவரவில்லை. வெளியேறிய 1938இல் வந்த 'ருயின்ட் சிட்டி' முழுக்க முழுக்க அந்த அனுபவத்தின் விளைச்சல். மூடிக்கிடக்கும் கப்பல் பட்டறையைத் திறந்து ஊருக்கு வேலை தர ஒரு வங்கியாளர் பொய்யான பங்கு அறிக்கையை வெளியிட்டுச் சிறைக்குப் போகிறார். வேலைவாய்ப்பு என்ற நன்மைக்காகச் செய்த பொய்யை நாவல் மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. தொழில் இங்கே முதல்முறையாக அறச்சிக்கலாக வருகிறது.

போர்க்கால நாவல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'பைட் பைப்பர்' அவருக்கு வாசகரைத் தேடித்தந்தது, அவ்வளவே. திருப்பம் 1948இல் வந்த 'நோ ஹைவே'. ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் தியடோர் ஹனி என்ற, எவர் கண்ணிலும் படாத ஆய்வாளர் வேலை பார்க்கிறார். ரெய்ன்டியர் என்ற புதுப் பயணி விமானத்தின் வால்பகுதி 1,440 மணிநேரப் பறத்தலில் உலோகச் சோர்வால் (திரும்பத் திரும்ப ஏறும் பளுவால் உலோகம் பலமிழப்பதால்) முறியும் என்பது அவருடைய கணக்கு. அட்லாண்டிக் நடுவானில், தான் ஏறியிருப்பதே அந்த நேரத்தை நெருங்கிவிட்ட ரெய்ன்டியர் என்று தெரிந்துகொள்கிறார். நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரில் இறங்கியதும் அந்த விமானம் மறுபடி புறப்பட எல்லாரும் ஆயத்தமாகிறார்கள். அவரை நம்ப ஆளில்லை. தரையில் நிற்கும் விமானத்தின் சக்கரங்களை உள்ளிழுக்கும் நெம்புகோலை இழுத்து அதை வயிறு தரையில் மோத உட்காரவைக்கிறார். பிரிட்டனில் அந்த அமைப்பை முதலில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த கம்பெனியை நடத்தியவர் எழுதிய காட்சி இது. ஆர் 101 காலத்துக் கேள்விக்கு அவர் கண்ட விடையும் இதுவே: கணக்கை நம்பியவன் தன் வேலையையும் மானத்தையும் பணயம் வைத்தாவது பயணிகளைக் காக்க வேண்டும்.

1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் ஜெட் விமானங்கள் இத்தாலியை ஒட்டிய கடலில் விழுந்தன. ஃபார்ன்பரோ ஆய்வகம் காமெட்டின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் அழுத்திச் சோதித்து, காரணம் உலோகச் சோர்வு என்று நிறுவியது. நாவலை முன்னறிவிப்பு என்று அப்போது முதல் புகழ்கிறார்கள். அந்தப் புகழ் தவறான இடத்தில் விழுகிறது. நாவலில் முறிவது வால். காமெட்டில் முறிந்தது காற்றழுத்தம் தாங்கிய உடற்பகுதி. உலோகச் சோர்வு அன்றைய பொறியாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்துவந்த சிக்கல். நாவலின் சாதனை ஹனிதான். வீட்டு நிர்வாகமும் பேச்சுச் சாமர்த்தியமும் வாய்க்காத ஒரு கணக்கீட்டாளரை, எந்த அலங்காரமும் இல்லாமல், கதாநாயகனாக நம்ப வைத்ததுதான்.

1948-49இல் தன் சிறு விமானத்தில் ஆசியா வழியே ஆஸ்திரேலியாவரை பறந்து திரும்பிய பயணம் 'ரவுண்ட் தி பெண்ட்' (1951) நாவலாயிற்று. பஹ்ரைனில் விமானங்களைப் பழுதுபார்க்கும் கானி ஷாக்லின் என்ற பொறியாளர், எஞ்சினைப் பொய்யில்லாமல் சோதிப்பதே வழிபாடு என்று தன்னிடம் வேலை கற்கும் ஆசியத் தொழிலாளர்களுக்குச் சொல்கிறார். தன் நூல்களில் இதுவே சிறந்தது என்று ஷூட் கருதினார். காதல் காட்சிகள் இதிலும் மெலிந்தவைதான். ஆனால் பட்டறைத் தரையில் நடக்கும் பக்கங்களின் உறுதியை அவருடைய காலத்து ஆங்கில நாவலாசிரியர் வேறெவரிடமும் நான் கண்டதில்லை.

1950இல் ஆஸ்திரேலியாவில் குடியேறியபின் எழுதிய 'ஆன் தி பீச்' (1957) உலகப்புகழ் பெற்றது. எனினும் இந்த வளர்ச்சியின் முடிவு அதுவல்ல. கடைசி நாவலான 'டிரஸ்டி ஃப்ரம் தி டூல் ரூம்' அவர் இறந்த 1960இல் வெளிவந்தது. அதன் நாயகன் கீத் ஸ்டூவர்ட், ஆலையின் கருவிகளைச் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, சிறு எஞ்சின்கள் செய்வது பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறார். பொறுப்பில் வந்த குழந்தைக்காகப் பசிபிக் தீவுவரை போக வேண்டியிருக்கிறது. கையில் பணம் இல்லை. அவர் கட்டுரைகளைப் படித்த ஊர் பேர் தெரியாத தொழிலாளர்களும் முதலாளிகளும் வழிநெடுக உதவுகிறார்கள். 1926இல் பெயரை மறைத்துக்கொண்ட பொறியாளர், தொழிலாளியாக இருந்து எழுத்தாளரானவனையே இங்கே வெளிப்படையாக நாயகனாக்கிவிட்டார்.

லேத் முன்னும் வரைபலகை முன்னும் வாழ்நாளைக் கழித்துவிட்டு எழுத உட்காரும் தமிழர்கள் 'ஆன் தி பீச்' நூலைவிட்டு 'நோ ஹைவே'யிலிருந்து தொடங்கலாம். கூடவே 'ஸ்லைடு ரூல்' நூலில் ஹௌடன் பற்றிய அத்தியாயங்களைப் படிப்பது நல்லது.