தாது வருஷமும் சூரிய வலையும்

இராமநாதபுரம் சீமை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் சனங்கள் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கிவிட்டது. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-ல் வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் கணக்கையும் சூரியனின் கரும்புள்ளிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, மழையும் அப்படித்தானோ?

அந்தச் சந்தேகம் வலுத்து, 1893-ல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவெடுத்தது. 1899-ல் பணி தொடங்கியது. மழையை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. அரசாங்கம் கேட்டது ஒன்று, மலை கொடுத்தது வேறொன்று.

1904 முதல் அங்கே ஒரு கருவி ஓடியது. ஒரு மெல்லிய பிளவு சூரிய பிம்பத்தின் குறுக்கே நகரும். இன்னொரு பிளவு, கால்சியம் அணுக்கள் உமிழும் 393.4 நானோமீட்டர் ஊதா ஒளியை மட்டும் கண்ணாடித் தகட்டுக்கு விடும். கீற்றுக் கீற்றாக முழுச் சூரியனும் பதிவாகும். மேகம் மறைக்காத நாளெல்லாம் இதே வேலை.

1908-ல் அமெரிக்காவில் வானியலாளர் ஹேல், புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். மறு ஜனவரியில் கொடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட், புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். எல்லோர் கண்ணும் புள்ளியின் மேலேயே இருந்தது.

ஆனால் புள்ளியே இல்லாத இடத்திலும் தகட்டில் ஒரு வெளிச்சக் கோலம் விழுந்திருந்தது, பாம்பன் மீனவர் உலர்த்தும் வலையைப் போல. ஒவ்வொரு கண்ணும் சுமார் 30,000 கிலோமீட்டர் அகலம். உள்ளிருந்து பொங்கும் வாயு காந்தப்புலத்தை விளிம்புக்கு ஒதுக்குகிறது. புலம் திரண்ட இடத்தில் மேலடுக்கு சூடேறி, கால்சியம் பளிச்சிடுகிறது. இந்தக் காரணம் துலங்க 1960-கள் வரை ஆனது. கண்ணின் உள்ளேயும் பலவீனமான புலம் சிதறிக் கிடப்பது 1970-களில் தெரிந்தது. அங்கே பெரும்பகுதி கிடைமட்டமாகப் படுத்திருப்பதை ஜப்பானின் ஹினோடே விண்கலம் 2008 வாக்கில் காட்டியது.

புள்ளியில்லாத இடத்துக்கு வழங்கும் அமைதியான சூரியன் என்ற பெயர் அதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

முழுச் சூரியனின் காந்த வரைபடங்கள் தொடர்ச்சியாகக் கிடைப்பது 1970-களை ஒட்டித்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு, கணினியில் ஏற்றப்பட்ட கொடைக்கானல் தகடுகளின் வெளிச்சத்தை அளந்து, காந்தம் எங்கே இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் இன்று கணித்துவருகிறார்கள்.